யுவோன், ஃப்ரோலிக், ராஃப்: ஸ்விஸ் சேம்பர் இசை கேட்டவர்கள் யாராவது உண்டா?

பின்னிரவுக்கேட்பவன் | கோயம்புத்தூர்

வணக்கம். போன வாரம் நைட் ஷிஃப்ட்டில் நடந்தது இது. விடிகாலை நாலு மணி, டிக்கெட் எதுவும் வரவில்லை, ஹெட்போனில் பிராம்ஸின் பியானோ டிரியோ (பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்தது) ஒன்று. அது முடிந்ததும் யூடியூப் தன் இஷ்டத்துக்கு அடுத்ததைப் போட்டுவிட்டது. முதல் ஒரு நிமிஷம், பிராம்ஸ்தான் இன்னும் முடியவில்லை போல என்று இருந்துவிட்டேன். பியானோவில் அதே கனம், செல்லோவில் அதே பெருமூச்சு. அப்புறம் தாளம் வழுக்கியது. எனக்கு மேஜையில் விரல் தட்டி எண்ணுகிற பழக்கம் உண்டு. எண்ணிக்கை தப்பிப் போச்சு. திரும்ப எடுத்து எண்ணினால் திரும்பவும் தப்பு. கை தப்பா, பாட்டு தப்பா என்று பார்க்கத்தான் ஸ்க்ரீனைத் திறந்தேன். பால் யுவோன், டிரியோ-காப்ரிஸ், ஓபஸ் (படைப்பு எண்) 39.

தேடிப் பார்த்தேன். 1872இல் மாஸ்கோவில் பிறந்தவர். குடும்பம் ஸ்விட்சர்லாந்தின் கிராபுண்டன் மலைப்பக்கம். தாத்தா மிட்டாய்த் தொழில் செய்யக் கிளம்பி ரஷ்யப் பேரரசுக்குள் போனவர். பேரன் மாஸ்கோவில் தனேயெவிடமும் அரென்ஸ்கியிடமும் படித்து, பெர்லினில் இருபது வருஷத்துக்கு மேல் பேராசிரியராக இருந்து, 1934இல் ஜெனீவா ஏரிக்கரை வெவே ஊருக்கு வந்து, 1940இல் அங்கேயே இறந்தார். ‘ரஷ்ய பிராம்ஸ்’ என்று ஒரு பட்டப்பெயர். நான் ஏமாந்ததில் தப்பில்லை என்று தோன்றியது.

இந்த டிரியோ ஸெல்மா லாகர்லெஃபின் ‘கோஸ்டா பெர்லிங்’ நாவலைப் படித்த வேகத்தில் எழுதியதாம். 1908. அந்த அம்மாவுக்கு நோபல் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

பத்து வருஷமாக இந்த சேம்பர் இசைதான், சில பேர் மட்டும் சேர்ந்து ஒரு அறையில் வாசிக்கிற மேற்கத்திய இசைதான் கேட்கிறேன். ஒரு தடவைகூட இந்தப் பெயர் காதில் விழவில்லை. இவர் ஒருவர்தானா, இல்லை பின்னால் ஒரு வரிசையே இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரைக்கரை | ஆராவ், சுவிஸ்

தம்பி, வரிசை இருக்கு. நீளமான வரிசை.

நான் இஞ்ச வந்து முப்பத்தைஞ்சு வருசம். எனக்கு உந்த இசை ஒண்டும் தெரியாது, மகள் செல்லோ படிச்சபடியால் காதில விழுந்ததுதான் எல்லாம். அவ இசைப்பள்ளியில படிக்கேக்க டீச்சர் ஒரு பழைய போட்டோகொப்பியைக் குடுத்து விட்டவ. ராஃப் எண்ட ஸ்விஸ் இசையமைப்பாளர் எழுதின குவார்டெட்டில (நாலு பேர் வாசிக்கிறது) ‘டி ம்யூலே’ எண்டு ஒரு பகுதி, அரவை ஆலை எண்டு அர்த்தம். சில்லுச் சுத்துற மாதிரி நிக்காமல் ஓடுற சின்னச் சின்ன நோட்டுகள். நாலு பிள்ளையளும் எங்கட வீட்டு இருப்பறையிலதான் பழகினவை. அந்தக் கொப்பியில எந்தக் காலத்திலயோ யாரோ பென்சிலால வில்லு மேல, வில்லு கீழ எண்டு அடையாளம் போட்டு, பிறகு அழிச்சு, அதுக்கு மேல இன்னொராள் வேற மாதிரிப் போட்டிருந்தது. பிள்ளையள் மூண்டாம் தரமும் போட்டவை.

இஞ்ச இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடேலாது, மத்தியானமும் ஒரு அமைதி நேரம் இருக்கு. பக்கத்து வீட்டு மனுசி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பா. பத்துக்கு ரெண்டு நிமிசம் இருக்கேக்க ஆலை சரியா நிண்டிடும்.

ராஃப் சூரிச் ஏரிக்கரையில லாஹன் எண்ட ஊரில 1822இல் பிறந்தவர். இப்ப அந்த ஊரில அவரின்ர பெயரில ஒரு ஆவணக்காப்பகமே நடக்குது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாக்கலாம் எண்டு மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறா, இன்னும் போகேல்ல.

சந்தேகப்பிராணி | சென்னை

இந்த மாதிரி இழை வருஷத்துக்கு ஒன்று வரும். ‘மறக்கப்பட்ட மேதை’. மறந்ததெல்லாம் அநியாயமாகத்தான் மறந்துபோனதா? ராஃப் இருநூறுக்கு மேல் ஓபஸ் எழுதினார். கையில் காசில்லாத காலத்தில் பதிப்பாளர் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தவர். அதில் நாலைந்து நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். மிச்சத்தைக் காலம் சலித்துத் தள்ளியது என்றால் காலத்தின் மேல் என்ன கோபம்?

ஒரு கணக்கு போடுகிறேன். 1886 கோடையில் பிராம்ஸ் ஸ்விட்சர்லாந்தின் தூன் ஊரில் ஒரு வாடகை வீட்டில் தங்கினார். அந்த ஒரே கோடையில் இரண்டாவது செல்லோ சொனாட்டா, இரண்டாவது வயலின் சொனாட்டா, சி மைனர் டிரியோ. ஓபஸ் 99, 100, 101. ஸ்விஸ் மண்ணில் எழுதின சேம்பர் இசை வேண்டுமென்றால் அதைக் கேட்டுவிட்டுப் போகலாமே.

ஸ்விஸ்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சூரிச் பதிப்பாளர் நேகெலி, பீத்தோவனின் ஓபஸ் 31 முதல் சொனாட்டாவை அச்சடிக்கும்போது, ஏதோ குறைகிறது என்று தானே நாலு பார் (தாளக் கட்டம்) எழுதிச் சேர்த்துவிட்டார்! பீத்தோவன் குதித்த குதியில் பான் நகரத்து சிம்ராக் ‘மிகத் திருத்தமான பதிப்பு’ என்று பட்டை போட்டு மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

தாள்பூச்சி | பெங்களூரு

சார், நேகெலி கதை சொன்னீர்கள், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கும்பிடுகிற பிராம்ஸின் எஃப் மைனர் பியானோ குவின்டெட்டை 1865இல் முதலில் வெளியிட்டது யார்? விண்டர்தூரில் தொடங்கிய ரீட்டர்-பீடர்மன் பதிப்பகம். ஜெர்மன் ரெக்வியமும் அவர்கள்தான். பிராம்ஸ் இன்னும் பெரிய பெயர் ஆகாத காலத்தில் அவர் தாளுக்குப் பணம் போட்ட ஊர் அது.

ராஃப் விஷயத்தில் எனக்கும் பாதி சந்தேகம் உண்டு. ஆனால் ஆளைப் பற்றி ஒரு கதை இருக்கிறது, அதற்காகவே பிடிக்கும். ராப்பர்ஸ்வீலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வேலையை விட்டாயிற்று, காசு கிடையாது. 1845இல் பியானோ மேதை லிஸ்ட் பாஸல் வருகிறார் என்று கேள்விப்பட்டு, கொட்டுகிற மழையில் நடந்தே கிளம்பினார். போய்ச் சேர்ந்தால் டிக்கெட் தீர்ந்துவிட்டது. லிஸ்டின் செயலாளர் இந்த நனைந்த ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உள்ளே சொல்ல, லிஸ்ட் அவரை மேடையிலேயே தன் பக்கத்தில் உட்கார வைத்தார். உடம்பிலிருந்து தண்ணீர் ஒழுகி மேடையில் குளமாகத் தேங்கி நிற்க, ராஃப் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். கச்சேரி முடிந்ததும் லிஸ்ட் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பின்னாளில் வைமாரில் லிஸ்டுக்கு ஆர்கெஸ்ட்ரா வேலையில் உதவியாள். 1878இல் ஃபிராங்க்ஃபர்ட் ஹோக் கன்சர்வேட்டரிக்கு (இசைக் கல்லூரி) முதல் இயக்குநர், கிளாரா ஷூமனை ஆசிரியராகக் கொண்டுவந்தது அவர்தான். இறந்தது 1882. அதற்குப் பிறகு பெயர் சரிந்த வேகம் பயங்கரம். உயிரோடு இருந்தபோது ஜெர்மனியில் மிக அதிகம் வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

முதலில் கேட்க வேண்டியது ஓபஸ் 176 ஆக்டெட். நாலு வயலின், ரெண்டு வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு), ரெண்டு செல்லோ. மெண்டல்சனின் ஆக்டெட்டுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும்.

வயோலா மாமி | சென்னை

எல்லாரும் கேக்கறதைப் பத்தியே பேசறேள். வாசிக்கறவா பக்கத்திலேர்ந்து ஒண்ணு சொல்றேன்.

வயோலாவுக்கு நல்ல சொனாட்டா எத்தனை இருக்கு? பிராம்ஸே ரெண்டையும் கிளாரினெட்டுக்கு எழுதிட்டு அப்புறம்தான் எங்க பக்கம் திரும்பினார். யுவோன் 1901இல் டி மேஜர்ல ஒரு சொனாட்டா, ஓபஸ் 15, வயோலாவுக்குன்னே எழுதியிருக்கார். வயோலா எங்க நன்னா பேசும்னு தெரிஞ்சவர் எழுதினது அது. வயலின் மாதிரி உச்சத்துக்கு இழுத்துண்டு போய் கீச்சிட வைக்கலை. நடு ஸ்தாயில கதை சொல்ல விட்டிருக்கார்.

மூணு வாரமா நானும் எதிர்வீட்டுப் பொண்ணும் வாசிச்சிண்டிருக்கோம். அவ பியானோ, எலெக்ட்ரானிக் கீபோர்டுதான், எண்பத்தெட்டுக் கட்டை. ஸ்கேனை இறக்கி ஜெராக்ஸ் கடையில ஏ-4ல போட்டேன். அசல் தாள் பெரிசு, இதுல நோட்டெல்லாம் கடுகு. அதோட பழைய புஸ்தகத்தை விரிச்சு ஸ்கேன் பண்ணினபோது நடு மடிப்பு ஒரே கறுப்பா விழுந்திருக்கு. அந்த மடிப்புக்குள்ள ஒரு நோட்டுக்கு முன்னாடி ஏதோ அடையாளம். ஃபிளாட்டா (அரை ஸ்வரம் இறக்கறது), நேச்சுரலா (இறக்காம அப்படியே வாசிக்கறது), எதுன்னே தெரியலை. ரெண்டையும் வாசிச்சுப் பாத்தேன். யுவோன் மாதிரி ஆள்கிட்ட ரெண்டும் சரியாத்தான் தோணறது, அதான் கஷ்டம். இப்போதைக்கு ஃபிளாட்னு வச்சு ஓட்டிண்டிருக்கேன்.

சின்னக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கறவா யாராவது இருந்தா, யுவோனோட ‘சில்ஹவுட்’னு ரெண்டு வயலினும் பியானோவும் சேர்ந்த துண்டுகள், ஓபஸ் 9, பாருங்கோ. குழந்தைகள் விடாது.

பின்னிரவுக்கேட்பவன் | கோயம்புத்தூர்

மாமி, அந்த சொனாட்டாவை இன்றைக்கே கேட்டேன். இரண்டாவது பகுதியை மூன்று தடவை.

சந்தேகப்பிராணி சார் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு சின்ன எரிச்சல் மட்டும் இருக்கிறது. ‘காலம் சலித்தது’ என்கிறீர்கள். சல்லடையை யார் பிடித்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? யுவோனை ரஷ்யர்கள் ஜெர்மன்காரர் என்றார்கள், ஜெர்மன்காரர்கள் ரஷ்யர் என்றார்கள், ஸ்விட்சர்லாந்துக்கு வரும்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. தம்பி கான்ஸ்டான்டின் யுவோன் மாஸ்கோவிலேயே தங்கிவிட்டார், ஓவியர். அவர் படங்கள் இன்றும் ரஷ்ய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அண்ணனுக்குச் சுவரும் இல்லை, ஊரும் இல்லை.

தாள்பூச்சி | பெங்களூரு

சல்லடை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். ஸ்விட்சர்லாந்தில் அரசவை கிடையாது. ஒரு வியன்னா, ஒரு பாரிஸ் மாதிரி எல்லாவற்றையும் இழுக்கிற தலைநகரமும் இல்லை. ஜெர்மன் பேசுகிற பையன் லைப்சிக்கோ பெர்லினோ போவான், பிரெஞ்சு பேசுகிறவன் பாரிஸ் போவான். ஹான்ஸ் ஹூபர் சோலோதூர்ன் பக்கத்துக் கிராமத்துக்காரர், படித்தது லைப்சிக். ஊருக்குத் திரும்பினால் சாப்பாட்டுக்கு என்ன வழி? பாடகர் குழு. அந்த ஊரில் பத்து ஆண்கள் சேர்ந்தால் ஒரு பாடகர் சங்கம் என்பார்கள். அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் நம்ம நாலு-பார் நேகெலிதான். ஆகவே இசையமைப்பாளர் என்றால் பகலில் பள்ளி வாத்தியார், சாயங்காலம் பாடகர் குழு நடத்துநர், ராத்திரி மிச்சமிருக்கிற எண்ணெயில் குவார்டெட். அந்தக் குவார்டெட்டும் நாலு நண்பர்கள் வீட்டில் வாசிக்க எழுதினது. அச்சுக்குப் போனது பாதி, போகாதது பாதி.

ஹூபர் பாஸலில் இசைப்பள்ளியை நடத்தி 1905இல் கன்சர்வேட்டரியும் தொடங்கினார். எட்டு சிம்பொனி. அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது பியானோ குவார்டெட், ஓபஸ் 117, ‘காட்டுப் பாடல்கள்’ என்று பெயர், காட்ஃபிரீட் கெல்லரின் கவிதைகளை வைத்து. ஈரமான இலை வாசனை வரும். இதற்கு மேல் வர்ணிக்கத் தெரியவில்லை, கேளுங்கள்.

ஆரைக்கரை | ஆராவ், சுவிஸ்

எண்ணெய்க் கதை எழுதினதும் எங்கட ஊர்க்காரர் ஒராளின்ர ஞாபகம் வந்திட்டுது. ஃப்ரீட்ரிஹ் தியோடோர் ஃப்ரோலிக்.

1803இல் ப்ரூக்கில பிறந்தவர். இஞ்சயிருந்து ரெயினில கால் மணித்தியாலம். அண்ணர் ஏப்ரஹாம் இமானுவேல் கவிஞர், நீதிக்கதைகள் எழுதினவர், அந்தக் காலத்தில அவரைத் தெரியாத ஆக்கள் இல்லையாம். தம்பி சட்டம் படிக்கவெண்டு பெர்லின் போய், சட்டத்தை விட்டிட்டு இசைக்குள்ள இறங்கினார். அங்க செல்டரிட்டப் படிச்சவர், மெண்டல்சனுக்கும் அவர்தான் வாத்தியார். நல்ல குவார்டெட்டுகள், ஒரு சிம்பொனி, நிறையப் பாட்டுகள். 1830இல் ஆராவுக்குத் திரும்பி வந்தவர். இஞ்ச இசை சொல்லிக் குடுக்கிற வேலை, பாடகர் குழு, பழகுனர் ஆர்கெஸ்ட்ரா. பெர்லினில வாசிச்சுக் கேட்டவருக்கு இஞ்ச வாசிக்க ஆளில்லை. சம்பளமும் பத்தாது, கலியாணமும் சரிவரேல்ல. 1836 ஒக்டோபரில ஆரே ஆத்தில இறங்கிட்டார். முப்பத்திமூண்டு வயசு.

நான் வேலைக்குப் போறது அந்த ஆத்துப் பாலத்தால. ஒக்டோபரில ஆறு பச்சையா, சத்தமில்லாமல், ஆனால் பொல்லாத வேகத்தில போகும். பழைய நகரத்தில வீட்டுக் கூரைத் தாழ்வாரங்களின்ர அடிப்பக்கத்தில பூவும் கொடியுமா நிறம் நிறமாக் கீறியிருக்கும், அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். உல்லாசப் பயணிகள் எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டு போவினம். நானும் இருபது வருசமா அதைத்தான் பார்த்தனான்.

மகள்தான் எஃப் மைனர் குவார்டெட்டைப் போட்டுக் காட்டினவ. அப்பா, இது எங்கட ஊரில இருந்த ஆள் எண்டு சொன்னவ. எனக்கு இசை தெரியாது எண்டு முதலே சொல்லிட்டன். ஆனால் அந்தக் குவார்டெட்டில ஒரு ஆள் கதைக்கத் தொடங்குறார், மற்ற மூண்டு பேரும் கேக்காமல் தங்கட பாட்டில போறமாதிரி ஒரு இடம் வருது. அது எழுதினவருக்கு அப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு எனக்குப் பட்டுது.

பின்னிரவுக்கேட்பவன் | கோயம்புத்தூர்

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சந்தேகப்பிராணி | சென்னை

ஃப்ரோலிக்கைக் கேட்டேன், அண்ணன் சொன்ன அதே எஃப் மைனர். ஷூபர்ட் காலத்து இசை, ஷூபர்ட் அளவுக்கு இல்லை, ஆனால் போலி இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. சோகமான வாழ்க்கை இருந்தால் இசை நன்றாகக் கேட்கிறது. வாழ்க்கையை மறைத்துவிட்டு ஒலிப்பதிவை மட்டும் போட்டால் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பீர்கள்? தம்பி யுவோனைக் கேட்டது அப்படித்தான், பெயர் தெரியாமல், கதை தெரியாமல், எண்ணிக்கை தப்பி. அந்தக் கேட்பைத்தான் நான் நம்புவேன்.

வயோலா மாமி | சென்னை

இது நல்ல பாயிண்ட். சார் சொன்னதிலேயே எனக்குப் பிடிச்ச ஒரே பதிவு.

பெண்கள் யாருமே இந்த லிஸ்டில வரலையேன்னு பாத்தேன். நானே சொல்றேன். ஜெனீவாவில கரோலின் பொய்சியே-ப்யூட்டினி, 1786இல் பிறந்தவா. 1831-32 குளிர்காலத்துல பாரிஸ் போய் பொண்ணு வலேரியை இருபது வயசு லிஸ்ட்கிட்ட பியானோ கத்துக்க விட்டா. ஒவ்வொரு கிளாஸுக்கும் கூடவே போய் உக்காந்து, அவன் என்ன சொன்னான், கை எப்படி வச்சான், எந்த ஸ்கேலை எத்தனை நேரம் வாசிக்கச் சொன்னான்னு அத்தனையும் எழுதி வச்சுட்டா. அந்தக் குறிப்பு 1927இல் புஸ்தகமா வந்து, லிஸ்ட் பத்தி ஆராய்ச்சி பண்றவா எல்லாரும் அவளை மேற்கோள் காட்டறா. ‘ஒரு மாணவியோட அம்மா’ன்னு!

அந்த அம்மா தானே பியானோ கான்சர்ட்டோ எழுதினவ. ஒண்ணு ரெண்டு இல்லை, ஆறாவதுக்கு ‘லா சுவிஸ்’னே பேரு. பியானோ, கிளாரினெட், பசூன் மூணும் சேர்ந்து ஒரு டைவர்டிஸ்மான் இருக்கு. கையெழுத்துப் பிரதியெல்லாம் பெட்டிக்குள்ள. இப்போ கொஞ்ச வருஷமாத்தான் எடுத்து அச்சடிச்சு வாசிக்கறா. மத்தவாளைப் பத்தி எழுதினது அச்சேறித்து, தான் எழுதினது பெட்டியில கிடந்துது.

தாள்பூச்சி | பெங்களூரு

ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நேகெலி, ஃப்ரோலிக், பொய்சியே-ப்யூட்டினி மூவரும் இறந்தது 1836. சூரிச், ஆராவ், ஜெனீவா. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

பின்னிரவுக்கேட்பவன் | கோயம்புத்தூர்

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஷோக் பற்றி யாராவது?

சந்தேகப்பிராணி | சென்னை

இந்தப் பெயர் வரும் என்று காத்திருந்தேன். ஓட்மார் ஷோக், 1886-1957. இவரை நான் எதிர்க்கப்போவதில்லை. நோட்டூர்னோ, ஓபஸ் 47. பாரிட்டோன் குரலும் ஸ்டிரிங் குவார்டெட்டும். முக்கால் மணி நேரம் போகும். பெரும்பாலும் லெனாவின் கவிதைகள். காதல் கெட்டுப்போனவன் ராத்திரியில் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் விட்டுவிடலாம் போலக்கூட இருக்கும். கடைசியில் கெல்லரின் சில வரிகள், சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்துச் சொல்வதாக. அதுவரை எங்கேயும் கால் ஊன்றாமல் அலைந்த குவார்டெட் அங்கே சி மேஜரில் வந்து உட்கார்கிறது. உட்கார்ந்தது எழுந்திருக்காது. ஃபிஷர்-டீஸ்கௌ ஜூலியார்ட் குவார்டெட்டோடு பாடியது ஒன்று, கெர்ஹாஹர் ரோசமுண்ட குவார்டெட்டோடு பாடியது ஒன்று. கெர்ஹாஹர் என் தேர்வு, ஃபிஷர்-டீஸ்கௌ எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்.

இவர் ஏன் மறைந்தார் என்பதற்கு மட்டும் காலத்தைக் குறை சொல்ல முடியாது. 1937இல் நாஜி ஜெர்மனியிலிருந்து ஒரு பரிசு வாங்கினார். 1943இல், குண்டு விழுந்துகொண்டிருந்த பெர்லினில் தன் ஆபெராவை அரங்கேற்றினார். ஊரில் பெயர் கெட்டது. கெடாமல் என்ன செய்யும்?

ஆரைக்கரை | ஆராவ், சுவிஸ்

அதை இஞ்ச இப்பவும் கதைக்கினம். அவர் கட்சி ஆள் இல்லை, தன்ர வேலை மேடை ஏறவேணும் எண்டதில கண் மறைஞ்சுபோச்சு எண்டு சிலபேர் சொல்லுவினம். யுத்தம் பாத்த நாட்டில இருந்து வந்தவன் நான். கண் மறைஞ்சுபோச்சு எண்ட கதையை நான் லேசில எடுக்கமாட்டன். பாட்டைக் கேப்பன்.

விண்டர்தூரில வேர்னர் ரைன்ஹார்ட் எண்டு ஒரு வணிகர் இருந்தவர், ஷோக்குக்கு 1916இல இருந்து வருசா வருசம் காசு குடுத்தது அவர்தான். அவரே கிளாரினெட்டும் பாஸ் கிளாரினெட்டும் வாசிப்பார். ஷோக் பாஸ் கிளாரினெட்டுக்கு ஒரு சொனாட்டா எழுதினது அதாலதான். ஸ்ட்ராவின்ஸ்கி தனிக் கிளாரினெட்டுக்கு எழுதின மூண்டு துண்டும் அவருக்குத்தான். உப்பிடி ஒரு ஆள் ஆராவில ஃப்ரோலிக்குக்குக் கிடைச்சிருந்தால் எண்டு நினைக்கிறனான்.

தாள்பூச்சி | பெங்களூரு

காசு கொடுத்துக் கெடுத்த கதையும் உண்டு. ஃபிராங்க் மார்ட்டின், ஜெனீவாக்காரர். 1925இல் அயர்லாந்து வம்சத்து அமெரிக்கப் பணக்காரர் ஒருவர் ஐரிஷ் நாட்டுப்பாடல்களை வைத்து ஒரு டிரியோ கேட்டார். இவர் நூலகத்தில் உட்கார்ந்து பழைய மெட்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தாளங்களை அடுக்கி எழுதிக் கொடுத்தார். அந்த ஆளுக்கு எதிர்பார்த்த பிரபலமான பாட்டு ஒன்றும் காதில் விழவில்லை, வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கு மார்ட்டினின் சேம்பர் இசையில் அதிகம் வாசிக்கப்படுகிறவற்றில் அதுவும் ஒன்று. பின்னிரவுத் தம்பி, நீங்கள் விரலால் எண்ணுகிறவர் என்றால் இதில் தொலைந்தீர்கள்.

ஃபோல்க்மார் ஆந்த்ரேயையும் விட்டுவிடாதீர்கள். 1906இலிருந்து 1949 வரை சூரிச் டோன்ஹாலே ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர். மாலருக்குப் பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் அழைத்தது, போகவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் அடுத்தவர்கள் இசையை நடத்தினதில் தன் இசையைப் பின்னால் தள்ளிவிட்டார். ரெண்டு பியானோ டிரியோ உண்டு. இரண்டாவது, ஓபஸ் 14, ஈ ஃபிளாட்.

தாள் தேடுகிறவர்களுக்குச் சட்டக் கணக்கு: ஐரோப்பாவில் இறந்து 70 வருஷம், இந்தியாவில் 60. யுவோனுக்கும் ஹூபருக்கும் இந்த ரெண்டு இடத்திலும் பிரச்சினை இல்லை. ஆந்த்ரே இறந்தது 1962. நமக்கு 2023 தொடக்கத்திலேயே உரிமை காலாவதி, அவர் ஊரில் 2032 முடிய வேண்டும். ஷோக் அங்கே 2027 கடைசி வரை. மார்ட்டின் இறந்தது 1974, நமக்கும் 2034 முடியும் வரை பொறுக்க வேண்டும்.

லுகானோவில் ஸ்விஸ் தேசிய ஒலிக்காப்பகம் இருக்கிறது. பட்டியலை இங்கிருந்தே பார்க்கலாம். முழுசாகக் கேட்க அந்த நாட்டு நூலகங்களில் வைத்திருக்கும் கணினி முன்னால்தான் உட்கார வேண்டும். பார்த்துப் பார்த்து வயிறு எரிவதற்கு நல்ல தளம்.

மட்டுறுத்துநர்

பதிப்புரிமை உள்ள ஸ்கேன் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ‘சேம்பர் இசை’யா ‘அறையிசை’யா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

வயோலா மாமி | சென்னை

ஆரைக்கரை, உங்க பொண்ணு இன்னும் வாசிக்கறாளா? ஒரு உபகாரம் கேக்கலாமா? நான் அன்னிக்குச் சொன்னேனே, யுவோன் சொனாட்டாவில மடிப்புக்குள்ள மாட்டிண்ட நோட்டு. அங்க ஏதாவது லைப்ரரியில அச்சுப் பிரதி இருக்குமா? முழுசும் வேண்டாம், அந்த ஒரு நோட்டுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொன்னாப் போறும். என் தாளோட போட்டோவைத் தனி மடல்ல அனுப்பறேன், சிவப்புல வட்டம் போட்டு.

ஆரைக்கரை | ஆராவ், சுவிஸ்

அதுக்கென்ன அக்கா. மகள் இப்ப சூரிச்சில படிக்கிறா. அங்க சென்ட்ரல்பிப்ளியோடேக் எண்ட பெரிய நூலகத்தில இசைக்கெண்டு தனிப் பிரிவே இருக்கு. கேட்டுப் பாக்கச் சொல்லுறன்.

சந்தேகப்பிராணி | சென்னை

இந்த இடைவெளியில் ராஃப் ஆக்டெட் கேட்டேன். மெண்டல்சனுக்குப் பக்கத்தில் நிற்கும் என்றார் தாள்பூச்சி. நிற்கிறது. மெண்டல்சனுக்குப் பதினாறு வயது, ராஃபுக்கு ஐம்பது என்பதை மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

தாள்பூச்சி | பெங்களூரு

சார், நீங்கள் கேட்டதே போதும்.

ஆரைக்கரை | ஆராவ், சுவிஸ்

வயோலா அக்கா, மகள் நேற்றுப் போய்ப் பாத்தவ. பழைய அச்சுப் பிரதி ஒண்டை எடுத்துக் குடுத்தவையாம். நடு மடிப்பை அமத்தி விரிக்க விடேல்ல, இரண்டு பக்கமும் நுரைத் தலகணி மாதிரி ஒண்டு வைச்சுத்தான் திறக்க வேணுமாம். அவ குனிஞ்சு பக்கவாட்டில பாத்து உறுதிப்படுத்தினவ. நேச்சுரல். படம் தனி மடலில அனுப்பியிருக்கிறன்.

வயோலா மாமி | சென்னை

அடக் கடவுளே. மூணு வாரமா ஃபிளாட்ல உருகி உருகி வாசிச்சிண்டிருக்கேன். அந்த இடத்துல எதிர்வீட்டுப் பொண்ணுக்குக் கண்ணே கலங்கித்து.

இப்போ நேச்சுரல்ல வாசிச்சுப் பாத்தேன். அழுகை வரலை. ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கு. பொண்ணுகிட்ட நாளைக்குச் சொல்லிக்கறேன். உங்க குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

பின்னிரவுக்கேட்பவன் | கோயம்புத்தூர்

மாமி, ஃபிளாட்டில் ஒரு தடவை, நேச்சுரலில் ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி இங்கே போடுங்களேன். எது எது என்று சொல்லாமல். சந்தேகப்பிராணி சாருக்காக.